உதை வாங்கினால்தான் குறி வருமா?

பிள்ளைக்கு முதல் துப்பாக்கி வாங்குவது எப்படி என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ராயபுரத்துக்காரர், வடசென்னைப் பெற்றோரை நோக்கி எழுதியது. அவர் சொல்வது இதுதான். தோளில் உதைக்காத துப்பாக்கி பொம்மைக்குச் சமம். உதை குறைந்ததில் பழகும் பிள்ளை கோழையாகத்தான் வளரும். அமெரிக்காவில் பத்து வயதுப் பையன் அப்பாவோடு காட்டுக்குப் போய் மான் சுடுகிறான், நம் பையன் தீபாவளிக்கு ரோல் கேப் வெடிக்கிறான். ஆகவே கைக்கு எடை தெரியாத, ஆனால் ‘பவர்’ உள்ள 5.5 மி.மீ. ஏர்கன் ஒன்றை வாங்கி, எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் கூட்டிப்போய்ப் பறவைகளில் பழக்குங்கள் என்று முடிக்கிறார். இரண்டு பக்கக் கட்டுரைக்குள் இத்தனை பிழைகளை அடைக்கத் தனித் திறமை வேண்டும்.

அமெரிக்காவை இழுத்தது அவர், அங்கிருந்தே தொடங்குவோம். மான் வேட்டை சட்டப்படி நடக்கும் அந்த ஊரிலேயே பிள்ளையின் கையில் முதலில் என்ன கொடுக்கிறார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. அங்கே வேட்டைக்காரர்கள் சிறுவருக்குச் சிபாரிசு செய்யும் தோட்டாக்களில் முன்வரிசையில் இருப்பது .243 வின்செஸ்டர். 1955இல் வந்தது. பெரியவர்கள் சுடும் .30-06இன் உதையில் ஏறத்தாழப் பாதிதான் அதில் இருக்கும். அதையே காரணமாகச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். அந்த அப்பாக்களும் பிள்ளைகளைக் கோழையாக்குகிறார்களா? இவருடைய சாட்சியே கூண்டில் ஏறி இவருக்கு எதிராகப் பேசுகிறது.

மான் விஷயம் நமக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. ஜோத்பூர் பக்கம் 1998இல் கலைமான் சுட்ட வழக்கில் சல்மான் கானுக்கு 2018இல் ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு, ஜாமீன் என்று அவருக்கு வழிகள் உண்டு. காசிமேட்டில் வலை பின்னுகிறவர் மகனுக்கு அந்த வக்கீல்களை யார் பிடித்துக் கொடுப்பார்கள்? சென்னையில் மான் பார்க்க வேண்டுமானால் கிண்டிக்குப் போகலாம், டிக்கெட் எடுத்து.

ஆக, இங்கே ஒரு பிள்ளை சட்டப்படி துப்பாக்கி தொடும் இடங்கள் இரண்டு. ஒன்று என்.சி.சி., மற்றொன்று விளையாட்டுச் சுடுதல். இரண்டிலும் உதை குறைந்ததைத்தான் முதலில் தருகிறார்கள். ஏன் என்பதுதான் கட்டுரையாளருக்கு விளங்காத இடம். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் ஒரு சோதனை செய்வார்கள். சுடுகிறவருக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார்கள். பையன் மணல் மூட்டைமேல் ரைபிளை வைத்துப் படுத்திருக்கிறான். முதல் தோட்டா வெடிக்கிறது, இரண்டாவதும் வெடிக்கிறது. மூன்றாவது வெற்று, ட்ரிகரை இழுத்ததும் ‘டிக்’ என்ற ஓசை மட்டும். உதைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் குழலின் முனை சட்டென்று கீழே இறங்குகிறது. தோள் முன்னால் பாய்கிறது, கண் இறுக மூடுகிறது. வராத உதைக்கு உடம்பு தானாகவே பதில் சொல்கிறது. நல்ல தோட்டாவிலும் இதேதான் நடக்கிறது, வெடியின் அதிர்வில் வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. குண்டு குழலைவிட்டுக் கிளம்பும் முன்பே குறி போய்விட்டது. இந்தப் பழக்கம் படிய ஒரு காலை நேரம் போதும். போக்கப் பல மாதம் ஆகும், சிலருக்குக் கடைசிவரை போகாது. பெரிய உதையில் பிள்ளை கற்றுக்கொள்வது சுடுவதை அல்ல, பயப்படுவதை. எந்தக் கோழைத்தனத்துக்கு இவர் மருந்து தேடுகிறாரோ அதையே காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்.

அளவு தெரியாதவர்களுக்காக ஒரு கணக்கு. என்.சி.சி. கேடட்கள் சுடும் .22 ரைபிளின் குண்டு ஏறக்குறைய 2.6 கிராம். நம் நாட்டில் உரிமத்துக்குக் கிடைத்துவந்த .315 ஸ்போர்ட்டிங் ரைபிளின் குண்டு 15 கிராமைத் தாண்டும், வேகமும் மருந்தும் அதிகம். தோளில் வந்து சேரும் ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டுக்கும் நடுவே நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். எடை குறைந்ததாக வாங்கச் சொன்னாரே, அதுதான் உச்சம். அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள ரைபிளில் போட்டுச் சுட்டால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். பத்தாம் வகுப்பு இயற்பியல் இது. உந்தம் மாறாமல் நிறை குறைந்தால் வேகம் கூடித்தானே ஆக வேண்டும்? பிள்ளைக்குச் சுமக்க எளிதாக இருக்கட்டும் என்று எடையைக் குறைத்து, பிள்ளை தாங்க முடியாத அடியைக் கூட்டிவைக்கிறார். எடைக்கும் உதைக்கும் உள்ள இந்த இழுபறி உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. அதற்கு விடை தோட்டாவைச் சிறிதாக்குவதும், ரைபிளை மணல் மூட்டையில் தாங்கவைப்பதும். சுடும் பிள்ளையைக் கல்லாக்குவது அல்ல.

சார்பட்டா பரம்பரையை அவர் சாட்சிக்கு இழுத்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அடி வாங்கி வளர்ந்த குத்துச்சண்டை மண் இது, நம் பிள்ளைகளுக்கு உதை ஒரு பொருட்டா என்கிறார். 2021இல் வந்த படத்தைப் பார்த்ததோடு சரி, எந்த வாத்தியாரிடமும் போய் நின்றதில்லை என்பது தெரிகிறது. முதல் நாள் வந்த பையனை எந்த வாத்தியாராவது ரிங்கில் ஏற்றி எழுபது கிலோ ஆள் முன்னால் நிறுத்தியதுண்டா? கயிறு தாண்டவிடுவார், கால் வைக்கச் சொல்லிக் கொடுப்பார், காற்றில் குத்தவிடுவார். ஸ்பாரிங்குக்கு வரும்போது போட்டியில் போடும் 10 அவுன்ஸ் உறையை எடுத்துவைத்துவிட்டு 14, 16 அவுன்ஸ் தடித்த உறையை மாட்டுவார், தலைக்கவசம் போடுவார், எடைக்கு எடை பார்த்துத்தான் ஆள் விடுவார். அடி வரும்போது கண்ணை மூடாமல் இருக்கப் பழக்குவதுதான் அந்தக் கலையின் பாதி. மூடிப் பழகிய கண்ணோடு எவனும் பரம்பரைக்குப் பேர் வாங்கித் தந்ததில்லை. குத்துச்சண்டை வாத்தியார்களுக்குத் தெரிந்தது இந்தக் கட்டுரையாளருக்குத் தெரியவில்லை, ஆனால் அவர்கள் பேரில்தான் பேசுகிறார்.

சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. உதைக்குச் சமமாகப் பிள்ளையைத் திடுக்கிடவைப்பது வெடிச்சத்தம்தான். பெரிய ரைபிளின் ஓசை 150 டெசிபலைத் தாண்டும். அசோக் லேலண்டிலும் எம்.ஆர்.எஃப்.பிலும் ஷிஃப்ட் பார்க்கும் திருவொற்றியூர் அப்பாக்களுக்குக் காதடைப்பான் எதற்கென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டுரையாளருக்குத்தான் எடுக்க வேண்டும்.

சரி, பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது? 10 மீட்டர் விளையாட்டுக்கான 4.5 மி.மீ. ஏர் ரைபிள். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வைத்தது. அரை கிராம் பெல்லட்டைக் காற்று தள்ளுகிறது, தோளுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பிரிங் வைத்த ஏர்கன் வேறு ரகம். கடற்கரையிலும் திருவொற்றியூர்த் திருவிழாவிலும் பலூன் சுடும் கடையில் பார்த்திருப்பீர்களே, அது. குழலை ஒடிக்கக் குழந்தைக்குத் தெம்பு போதாது, கடைக்காரர்தான் ஒடித்துக் கொடுப்பார். ஒடித்த நிலையில் ட்ரிகரில் கை பட்டால் குழல் படீரென்று மேலே வந்து விரலைப் பதம் பார்க்கும். உள்ளே ஸ்பிரிங் ஓடி முட்டுவதால் பின்னாலும் முன்னாலும் இரண்டு உதறல் வரும், பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே. பலூன் பெரிது, ஆகவே உடைந்துவிடுகிறது. 10 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், அங்கே உதறல் மன்னிக்காது.

கடையில் ஒன்று மட்டும் பாருங்கள். பிள்ளை முழங்கையை மடக்கி நிற்கட்டும். ரைபிளின் பின்கட்டையான பட்டின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆட்காட்டி விரலின் நுனிக் கணு ட்ரிகருக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் பட் நீளம். ரைபிள் தோள் குழியில் உட்காராமல் கையெலும்பின்மேல் உட்காரும், கழுத்து முன்னால் நீளும். இதற்காகத்தான் நீளம் மாற்றும் பட் உள்ளவை செய்கிறார்கள். வளருகிற பிள்ளைக்கு அது முக்கியம். பிராண்ட் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி அவருடைய 5.5 மி.மீ. யோசனை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழலோ 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பயிற்சிக்காக மட்டும், 12 வயதிலிருந்து, நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. கழிமுகத்துக் கூழைக்கடாவையும் நாரையையும் சுடுவது சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சிறைத் தண்டனை உண்டு, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் கூடியிருக்கிறது. கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் தந்தையையும் பிள்ளையையும் இரண்டு சட்டங்களில் மாட்டிவிட்டிருக்கிறார். வெட்டவெளியில் சுட்டால் யாருக்கு என்ன என்று வேறு கேட்கிறார். 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம், காவலர்கள் முறையாகப் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து பறந்து வந்த குண்டு 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. சில நாளில் பிள்ளை இறந்தான். முறையான தளத்திலேயே இந்த நிலை. மீனவர்களும் இறால் பிடிக்கிற பெண்களும் நடமாடும் கழிமுகத்தை வெட்டவெளி என்கிறார் ராயபுரத்துக்காரர்.

கிளப்புகள் ராஜாக்களுக்கு, ஏழைக்கு எது என்று அவர் புலம்புவதில் பாதி நியாயம் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பம்தான். அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2019 ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து பயின்றவர். இங்கே பிறந்த பெண்ணுக்கு அங்கே தளம் கிடைத்தது. 10 மீட்டர் தளத்துக்கு ஒரு நீள வகுப்பறையும் பின்சுவரில் பெல்லட் தடுப்பும் போதும். வடசென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் அதை அமைக்கச் சொல்லி எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதுவரை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் ரைபிள் கிளப்புக்குப் போய் விசாரிக்கலாம். அதற்கும் முன்னால், பிள்ளையின் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா என்று கேட்கலாம், அதற்குக் காசு வேண்டாம்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். வீரம் பற்றிய உங்கள் கருத்து உங்களோடு இருக்கட்டும். அந்த 5.5 மி.மீ. பத்தியை மட்டும் அடுத்த இதழிலேயே, பெயர் போட்டுத் திரும்பப் பெறுங்கள். அதை நம்பி வாங்கும் தகப்பன் எண்ணூர்க் காவல் நிலையத்தில் நிற்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.