நாச்சியாரம்மா ஏன் கணக்குப் பார்க்கிறாள்?

நம்ம சினிமாவில் ஒரு பொண்ணு எப்படிப் பெரியவள் ஆகிறாள்? பாவாடை சட்டையில் ஓடிக்கொண்டிருப்பாள். அடுத்து பச்சை ஓலைக் குடிசை, மஞ்சத் தண்ணி, தாய்மாமன் சீர், ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது தாவணியில் நிற்பாள். அவ்வளவுதான், வளர்ந்தாச்சு! அதுக்கப்புறம் அவளை யார் கட்டிக்கப் போகிறார்கள் என்பதுதான் கதை.

சினிமாவை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. நம்ம கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தையும் பார்ப்போம். இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923 என்ற ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது. கரிசல் மனுஷர்களை இவ்வளவு நெருக்கமாக எழுதிய ஊர் என்பதால்தான் இந்தக் கேள்வியை இங்கே கேட்கத் தோணுது.

கி.ரா.வின் 'கன்னிமை' கதையில் நாச்சியாரம்மா வருகிறாள். கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுக்கே உயிர் அவள்தான். எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்வாள், மனசாரக் கொடுப்பாள். கல்யாணமாகி பிள்ளைகள் பிறந்த பிறகு கணக்குப் பார்க்கிற மனுஷியாக மாறிவிடுகிறாள். இதையெல்லாம் நமக்குச் சொல்வது அவள் வீட்டு ஆம்பளைகள். பழைய நாச்சியாரம்மா எங்கே போனாள் என்பதுதான் அவர்கள் வருத்தம். நாச்சியாரம்மாவின் பக்கத்தை அவள் வாயால் நாம் கேட்பதே இல்லை.

நான் அவள் பக்கம். வானம் பார்த்த பூமி இது. மழை தவறினால் பருத்தியும் கிடையாது, கம்பும் கிடையாது. இந்த ஊரில் ஒரு குடும்பத்தையே தலையில் சுமப்பவள் கணக்குப் பார்க்காமல் வேறென்ன செய்வாள்? இதையே ஒரு பையன் செய்தால் 'பொறுப்பு வந்துருச்சு' என்கிறோம். பொண்ணு செய்தால் 'முன்ன மாதிரி இல்ல' என்கிறோம். கி.ரா. வேணும்னே ஆம்பளைகளைப் பேசவிட்டு, மிச்சத்தை நம்மிடம் விட்டிருக்கலாம். ஆனால் நாமும் அவர்களோடு சேர்ந்து பெருமூச்சுதான் விடுகிறோம்.

பையன்களுக்கு இந்தக் குறை இல்லை. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. 2019இல் 'அசுரன்' படமானது இந்த நாவல்தான். பதினைந்து வயசு சிதம்பரம் ஒரு கொலையைச் செய்துவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் அலைகிறான். அவன் பயம், பசி, அப்பாவை அவன் புரிந்துகொள்வது என்று ஒரு நாவல் முழுக்க அவன் கூடவே நடக்கிறோம். அதே பதினைந்து வயசில் ஒரு பொண்ணு கூட நாம் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறோமா?

ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையில் ஒரு பொண்ணு கூட நடக்கிறோம். சசி இயக்கிய 'பூ' (2008) படத்துக்கு மூலம் அந்தக் கதைதான். படத்தில் மாரி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். அவள் மனசு நமக்குத் தெரிகிறது, அது பெரிய விஷயம். ஆனால் அந்த மனசு முழுக்க மச்சான்தான். அவன் சந்தோஷமாக இருந்தால் இவளுக்கு நிம்மதி, இல்லையென்றால் அழுகை. அவள் வேலை, கூலி, கூட வேலை பார்க்கிற பொண்ணுங்க எல்லாம் பின்னணியோடு நின்றுவிடுகின்றன.

வேற மாதிரி எழுத முடியாதா என்றால், எழுதியிருக்கிறார்கள். இதே கரிசல் பக்கம், வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். அவருடைய சொந்த வாழ்க்கைதான் அது. அதில் ஒரு பொண்ணு பெரியவள் ஆவது சடங்காலோ கல்யாணத்தாலோ இல்லை. சாதி என்றால் என்னவென்று புரிவதால், படிப்பதால், கன்னியாஸ்திரீ ஆகி அந்த மடத்தையும் கேள்வி கேட்டு வெளியே வருவதால். யாரும் அவருக்காகப் பேசவில்லை, அவரே பேசினார்.

இது இலக்கிய வகுப்புச் சண்டை இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துப் படிக்கவைத்த பொண்ணுங்க நம்ம கிளாஸிலேயே இருக்காங்க. இந்த வருஷம் அவங்க கையில் ஆஃபர் லெட்டர். முதல் சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு லோனுக்கு, எவ்வளவு தனக்கு என்று கணக்குப் போடுவாங்க. அதைப் பார்த்து ஊரும் சொந்தமும் 'மாறிட்டா' என்று சொல்லும். அந்த வார்த்தைக்குப் பயந்தே பலர் தனக்கு என்கிற கணக்கை அழித்துவிடுவார்கள்.

அதனால் எழுதுற பொண்ணுங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு ஒரு கதை அனுப்புங்க. நாச்சியாரம்மா பேசட்டும். அந்தக் கணக்கு நோட்டில் என்னதான் எழுதி வைத்திருந்தாள் என்று அவளே சொல்லட்டும்.