மலைப்பாதையும் பந்தயப் பாதையும்



மழை ஓய்ந்த ஒரு மாலை வேளையில், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பேருந்தில் அமர்ந்திருந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் பேருந்தை முந்திப் பாய்ந்தான். எதிரே விறகுச் சுமையுடன் ஏறி வந்த மூதாட்டி ஒருவர் பதறி ஒதுங்கியதில் தடுமாறி விழுந்தார். நல்ல வேளையாக முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பையன் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் நம் பங்கைச் சேர்ந்தவன் என்பது நம் வருத்தத்தை இரட்டிப்பாக்கியது.

மறுநாள் அவனுடைய தாயார் அவனை அழைத்து வந்தார். "சாமி, நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்று கண்ணீர் விட்டார். வண்டியை விற்றுவிடும்படி நாம் கடிந்துகொண்டோம். தலைகுனிந்து கேட்ட பையன் இறுதியில் ஒன்று சொன்னான்: "சாமி, நான் சந்தோஷ் மாதிரி பந்தய வீரனாக வேண்டும். அவரை உங்களுக்குத் தெரியுமா?" நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் குறித்துக் கடிந்துகொள்வது முறையன்று என்று எண்ணி, அறிந்துகொள்ள முற்பட்டோம்.

சி. எஸ். சந்தோஷ் பெங்களூரைச் சேர்ந்தவர். மண் மேடுகளைத் தாண்டும் மோட்டோகிராஸ் பந்தயங்களில் பல்லாண்டுகள் பழகியவர். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் அர்ஜென்டினா, பொலிவியா, சிலி ஆகிய நாடுகளின் ஊடே நடந்த டக்கர் பந்தயத்தில் கலந்துகொண்டார். பாலைவனமும் மலையுமாக ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர். இரண்டு வாரப் பயணம். அதில் 36-ஆம் இடம் பெற்று, அப்பந்தயத்தை மோட்டார் சைக்கிளில் நிறைவு செய்த முதல் இந்தியர் ஆனார்.

அந்தப் பந்தயத்தின் விதிகளைக் கேட்டபோது நாம் வியப்படைந்தோம். வழியில் ஊர்கள் குறுக்கிடும் இடங்களில் வீரர்கள் குறித்த வேகத்துக்கு மேல் செல்லலாகாது. வண்டியிலுள்ள கருவி அதைக் கண்காணிக்கிறது; மீறுவோருக்கு நேரத்தில் தண்டனை உண்டு. விழுந்து கிடக்கும் போட்டியாளருக்கு உதவ ஒருவர் நின்றால், அவர் இழந்த நேரம் அவருக்குத் திருப்பி அளிக்கப்படுகிறது. 2016-இல் முன்னணியில் சென்றுகொண்டிருந்த போர்ச்சுகல் வீரர் பவுலோ கொன்சால்வெஸ், கால் முறிந்து கிடந்த ஆஸ்திரிய வீரர் மத்தியாஸ் வால்க்னரைக் கண்டு வண்டியை நிறுத்தினார். உதவி வரும்வரை அருகிருந்தார். உலகின் மிகக் கடினமான பந்தயத்தில் வெற்றியைத் துரத்துவோர் வீழ்ந்தவருக்காக நிற்கிறார்கள். நம் பையனோ, எந்தப் பந்தயமும் இல்லாத சாலையில், ஒரு மூதாட்டிக்காக நிற்கவில்லை!

இது இனிமையான கதை மட்டும் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே கொன்சால்வெஸ், சந்தோஷின் அணியைச் சேர்ந்தவராக 2020-இல் சவூதி அரேபியாவில் பந்தயத்தின்போது விழுந்து உயிர் துறந்தார். 2021-இல் சந்தோஷும் அங்கே விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். மருத்துவர்கள் அவரை மருந்தினால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளித்தனர். இறையருளால் உயிர் பிழைத்தார். நம் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், 2023 ஆகஸ்டில், 13 வயதே ஆன பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து மாண்டான். பயிற்சியும், பாதுகாப்பு உடையும், மருத்துவ வண்டியும் காத்து நிற்கும் இடங்களிலேயே இவ்வாறெனில், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத மலைப்பாதையில் என்ன ஆகும்?

சுவீடன் நாட்டில் ஓவே ஃபுண்டின் என்றொரு வீரர் 1956-க்கும் 1967-க்கும் இடையே ஐந்து முறை ஸ்பீட்வே உலகப் பட்டம் வென்றார். அந்தப் பந்தய வண்டிக்குப் பிரேக்கே கிடையாது! ஆனால் அது ஓடும் இடம் வேலியிட்ட மண் தடம். நான்கு சுற்று, எல்லாரும் இடப்புறமே திரும்புவர், எதிரே எவரும் வரமாட்டார். பிரேக் இல்லாத வண்டிக்கும் அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. நம் மலைப்பாதையிலோ எதிரே சாமை மூட்டையும் வரும், பள்ளிப் பிள்ளைகளும் வருவர், பிரசவ வலியோடு ஒரு தாயும் வரக்கூடும். அங்கே பிரேக்கைப் பயன்படுத்த அறியாதவன் வீரனல்லன்.

பையனை மீண்டும் அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். இம்முறை வண்டியை விற்கச் சொல்லவில்லை. "பந்தயம் கற்பதானால் அதற்குரிய இடத்தில், கற்பிப்பவரிடம் கற்றுக்கொள். ஆனால் ஊர் வந்தால் வேகத்தைக் குறைப்பதும், விழுந்தவருக்காக நிற்பதும் உன் வீரருக்கும் கட்டளை. அவற்றை இன்றே தொடங்கலாம்" என்றோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பது அன்பாகாது. அவ்வாறு கொடுக்கும் பெற்றோருக்கே 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும், வாசலில் விளக்கை அணைக்காமல் காத்திருக்கப் போகும் இரவுகளுக்கு அஞ்சுவோம்.

அடுத்த ஞாயிறன்று பூசை முடிந்ததும், அந்த மூதாட்டியின் வீட்டுக்கு அவனே ஒரு கட்டு விறகைத் தன் வண்டியில் கொண்டுபோய் இறக்கினான் என்று கேள்விப்பட்டோம். வளைவுகளில் மெதுவாகச் செல்கிறானா என்பதை மட்டும் அவன் தாயாரிடம் இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறோம்.