ரேகை விழாத விரலும் நூறு தண்ணீர் நெய்யும்

நவம்பர் மாதம் வந்தால் எங்களைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கி மேலாளர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். 2014-இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரலை இயந்திரத்தில் வைக்க வேண்டும். அது ஒத்துக்கொண்டால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்.

போன நவம்பரில் பாளையங்கோட்டையில் ஒரு கணினி மையத்தில் வரிசையில் நின்று விரலை வைத்தேன். விழவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி, எல்லாம் வைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு. அந்தப் பையன் என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, தோல் ரொம்ப வறண்டு கெடக்கு. ரேகை விழ மாட்டேங்கு. நெத்தியில லேசா தேச்சிட்டு வையுங்க" என்றான். நெற்றியில் தேய்த்தேன். அங்கேயும் எண்ணெய்ப் பசை இல்லை, என்ன செய்வது? பின்னால் நின்ற அம்மாள் ஒருவர் தன் தலையைக் காட்டி, "வேணும்னா இதுல தொட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊரே நனைந்து கிடக்கும் நாளில் என் தோல் மட்டும் உலர்ந்த ஓலையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வறண்ட தோல் என்பது அழகுச் சங்கதி, இளம்பெண்களின் கவலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு மனிதனை ஆவணத்திலிருந்தே அழித்துவிடக்கூடிய சங்கதி என்று அன்றுதான் உறைத்தது. (2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்று எடுக்கலாம். விரலால் முடியாதவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். பல மையங்களில் அவர்களாகச் சொல்வதில்லை.)

வயதானால் தோல் ஏன் காய்கிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சோர்ந்துவிடுகின்றன. மேல்தோலின் செல்கள் செங்கல் என்றால், இடையில் இருக்கும் கொழுப்புதான் பூச்சுக்கலவை. கலவை உதிர உதிர உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிறது. ஆயுர்வேதம் இதைத் தன் மொழியில் சொன்னது: முதுமை வாதத்தின் காலம், வாதத்தின் குணம் வறட்சி, வறட்சிக்கு எதிர் எண்ணெய்ப் பசை. வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் எண்ணெய் தேய்ப்பதை அன்றாடக் கடமையாக வைக்கிறார். தலை, காது, உள்ளங்கால் மூன்றையும் விட்டுவிடக் கூடாது என்கிறார். கபம் மிகுந்திருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் வேண்டாம் என்று விலக்கும் சொல்கிறார். இந்த விலக்கை மட்டும் வாட்ஸப்பில் யாரும் அனுப்புவதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அல்ல. ஆண்களுக்குச் சனி, புதன். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. குறுக்குத்துறைப் படித்துறையில் சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய் வழிய வழிய உட்கார்ந்திருந்த பெரியவர்களை நான் 70-களில் மாற்றலாகி இங்கே வந்த புதிதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒருவர் முதுகை மற்றவர் தேய்ப்பார். பிறகு அரப்பு. பிறகு ஆறு.

அந்த ஏற்பாட்டில் இருந்த அறிவை இப்போதுதான் முழுதாகப் புரிந்துகொள்கிறேன். இன்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் போகாது, அரிக்கும். சோப்பு காரத்தன்மை உடையது, தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. அரப்பும் சீயக்காயும் அப்படிப் படிவதில்லை. அவற்றின் நுரை வேறு வகை. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. ஆக நல்லெண்ணெய், அரப்பு, தாமிரபரணி மூன்றும் சேர்ந்துதான் மருந்து. நாம் தாமிரபரணியை விட்டோம், அரப்பை விட்டோம், எண்ணெயை மட்டும் 100 மில்லி பாட்டிலில் 'பாரம்பரியம்' என்று எழுதி 600 ரூபாய்க்கு வாங்குகிறோம். நானும் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. வாசனை நன்றாக இருந்தது.

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வெறுங்காற்றுதான். உதடு வெடிப்பதும் குதிகால் பிளப்பதும் அப்போது. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியில்தான். மார்கழிப் பனியில் வறட்சி வரும் என்று வடக்கே எழுதிய குறிப்புகளை அப்படியே நம்பி, ஆடியில் சும்மா இருந்துவிடக் கூடாது.

இனி ஒரு பழைய கதை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அறிவியல் வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி, பன்னீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைந்து காட்டினார். மஞ்சளாக இருந்தது வெள்ளை வெண்ணெய் போல ஆயிற்று. "செரா த கலியேன்" என்று கரும்பலகையில் எழுதினார். கலேன் என்ற கிரேக்க வைத்தியர் 2-ஆம் நூற்றாண்டில் செய்தது. இன்றைய கோல்ட் க்ரீமின் பாட்டன். எண்ணெய்க்குள் தண்ணீரைச் சிறை வைப்பதுதான் சூட்சுமம் என்றார். என் கையில் ஒரு பொட்டு வைத்தார். குளிர்ந்தது.

பல வருஷம் கழித்து, கல்யாணமான புதிதில், அம்பாசமுத்திரம் பக்கம் என் மனைவியின் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சி திண்ணையில் ஒரு செம்புத் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, பசு நெய்யில் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பார், தண்ணீரை வடிப்பார், புதுத் தண்ணீர் விடுவார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஒதுக்கி வைத்தார். எத்தனை தடவை ஆச்சி என்றேன். "நூறு தண்ணி மாப்பிள. எண்ணிட்டு இருக்கேன், பேச்சுக் குடுக்காதீங்க" என்றார். ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம் என்பது இதுதான், நூறு முறை கழுவிய நெய். நெய் வெளுத்து, பிசுக்கு போய், பஞ்சு போல ஆகிவிட்டது. என் கையில் ஒரு பொட்டு வைத்தார். குளிர்ந்தது.

என் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை, எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி புளியங்கொட்டையால் எழுதிக்கொண்டிருந்தார். அன்று முதல், எந்த வைத்தியம் உசத்தி என்ற சண்டையில் எனக்கு ருசி போய்விட்டது.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் 50 கிராம் நெய்க்கு மேல் எடுக்காதீர்கள், கை கடுக்கும். சுத்தமான தண்ணீர் முக்கியம். ஈரம் உள்ளே நிற்பதால் சீக்கிரம் கெடும், சிக்கு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். வடிக்கும் தண்ணீரைக் குழாயடிக் குழியில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நூறு தண்ணீருக்குப் பொறுமை இல்லையா? தேங்காய் எண்ணெய் போதும். பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் பரிசோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்தில் தேங்காய் எண்ணெயும் சாதா மினரல் ஆயிலும் ஒரே அளவுக்குக் குணம் காட்டின. சிறிய ஆய்வுதான். ஆனால் 600 ரூபாய் பாட்டில் அந்தப் பந்தயத்திலேயே இல்லை. வாஸ்லின் பூசுகிறவர்களும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து பேத்தி ஆலிவ் எண்ணெய் அனுப்புகிறாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு ஆலிவ் என்றால் ஒரு மயக்கம் உண்டு, மறைப்பானேன். ஆனால் 2013-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, ஆலிவ் எண்ணெயைத் தொடர்ந்து பூசினால் தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாகிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்கிறது. அவள் அனுப்பியதை சாலட்டில் ஊற்றிக்கொள்கிறேன்.

எதைப் பூசினாலும் நேரம்தான் முக்கியம். குளித்துத் துவட்டி, ஈரம் முழுதும் காய்வதற்குள் பூச வேண்டும். காய்ந்த தோலில் எண்ணெய் தேய்ப்பது காலிப் பானைக்கு மூடி போடுவது. வெந்நீர் வெதுவெதுப்போடு நிற்கட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் குளியல் வேண்டாம். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்கிற்கும் பாதத்திற்கும் போதும். பயத்தமாவைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அது இருக்கிற எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிடும். எங்கள் வயதுக்குத் தினமும் ஆகாது. எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம். நல்லெண்ணெய் சிலருக்கு ஒவ்வாமல் தடிக்கும். முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு நண்பர் நினைவு உறுத்துகிறது. இருபது வருஷச் சர்க்கரைக்காரர். குதிகால் வெடிப்புக்கு யாரோ சொன்னார்கள் என்று வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்திருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போனவருக்குச் சூடு எப்படித் தெரியும்? தோல் வழண்டு, புண்ணாகி, இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் காலில் கைவைத்தியம் செய்யாதீர்கள். அதேபோல் எண்ணெய் தேய்த்தும் இரண்டு மூன்று வாரமாக உடம்பு முழுக்க அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றாலும் படித்த வைத்தியரிடம் போய்க் காட்டுவதற்கு நமக்குச் சாக்கே கிடையாது.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள். வாணியனுக்குக் கொடுக்க எனக்குப் பென்ஷன் இருக்கிறது. என் சிக்கல் வேறு. மனைவி போய் நான்கு வருஷம் ஆகிறது. முதுகின் நடுவில் கை எட்டாத ஒரு சாண் இடம் இருக்கிறது. அரிப்பெல்லாம் அங்கேதான். சுவரில் தேய்த்துப் பார்த்தேன், கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பார்த்தேன். சமஸ்கிருதத்தில் ஸ்நேகம் என்றால் எண்ணெயும்தான், அன்பும்தான். இந்தச் சிலேடையை நான் ரசித்த காலம் உண்டு. தனியாக இருக்கும் கிழவர்களுக்கு எண்ணெய்க் குளியலைச் சிபாரிசு செய்யும் கட்டுரைகள் எதுவும், முதுகை யார் தேய்ப்பது, எண்ணெய்க் காலோடு குளியலறையில் வழுக்கினால் யார் தூக்குவது என்று சொல்வதில்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சியும் என்னைப் போலத் தனிக்கட்டைதான். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதக் கேக்கதுக்கா இவ்வளவு நாள் யோசிச்சீரு? எனக்கும் அதே எடத்துலதான் அரிக்கி" என்றார். இப்போது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுப் பின்கட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், காலடியில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு மாற்றி மாற்றித் தேய்த்துக்கொள்கிறோம். அவருக்குக் கை முரடு. அரப்பு டவுனில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறது. இந்த நவம்பரில் விரலை வைத்தபோது மூன்றாவது தடவையில் பச்சை விளக்கு எரிந்தது.