நோயாளியும் அவர் கணக்கும்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் வைத்திய சாஸ்திரத்தில் மிக்க ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்தில் கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் குறிப்புகள், கண்ணின் நிலையைக் காட்டும் சித்திரங்களுடன், சரஸ்வதி மஹால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நோயாளியும் வைத்தியரும் மன்னரும் மறைந்து எத்தனையோ காலமாயிற்று. கணக்கு மட்டும் மறையவில்லை.

இக்காலத்து ஆஸ்பத்திரியிலோ, ஒரு நோயாளி ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்குப் போகும் பத்து நிமிஷத்துக்குள்ளாகவே அவருடைய கணக்கு மறைந்து போவதற்கு வழி இருக்கிறது. படுக்கையருகே நிற்கும் மானிட்டர் என்னும் யந்திரத்தைத்தான் சொல்கிறோம். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் வேகம், இரத்தத்திலுள்ள பிராணவாயு ஆகியவற்றை அது இரவும் பகலும் கவனித்துத் தன் நினைவில் பதித்துக் கொள்கிறது. ஆனால் அந்த நினைவு யந்திரத்துக்குச் சொந்தம், நோயாளிக்குச் சொந்தமன்று. இதுதான் சங்கடம்.

மன்னார்குடிப் பக்கத்தில் தரையில் படுத்துறங்கிய ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டதென்று வைத்துக் கொள்வோம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு மானிட்டர்; 108 ஆம்புலன்ஸில் ஒன்று; தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்று; தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்றொன்று. ஒரே இரவில் நான்கு யந்திரங்கள்! கட்டுவிரியன் விஷமோ மூச்சை மெல்ல மெல்ல அடக்குவது. கடைசி யந்திரம் பிராணவாயு 95 என்று காட்டினால், அப்போதுதான் வந்த டாக்டருக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஒரு மணி நேரத்துக்கு முன் 99 என்று தெரிந்தவருக்கு அதுவே எச்சரிக்கை. எண்ணை விட எண் போகும் போக்கே முக்கியம்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. முன் நோயாளியை டிஸ்சார்ஜ் செய்ததாக யந்திரத்துக்குத் தெரிவிக்காமல் அடுத்தவரைப் பூட்டிவிட்டால், இருவர் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு மற்றவர் மருந்து சாப்பிட நேரலாம். அன்றியும், ஒருவருக்கென்று திருத்தி வைத்த அபாய மணியின் எல்லைகள், புதிய யந்திரத்தில் பொதுவான எல்லைகளாக மாறிவிடக் கூடும். அடிக்க வேண்டிய மணி அடிக்காது. வேண்டாத மணி ஓயாது.

இதற்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. கணக்கைத் தன்னுள் சுமந்துகொண்டு நோயாளியுடனேயே பிரயாணம் செய்யும் சிறு பெட்டிகள் வந்திருக்கின்றன. ஒரே கம்பெனியின் யந்திரங்களானால், நர்ஸ் இருக்கும் மேஜையிலிருந்தே ஒரு படுக்கையின் விவரங்களை மற்றொன்றுக்கு மாற்றிவிடும் வசதியும் உண்டு. கம்பெனி மாறினால்தான் தொல்லை; ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரிவதில்லை. ஆஸ்பத்திரித் தகவல்களுக்கு ஒரு பொதுப் பாஷை வேண்டுமென்று அமெரிக்காவில் 1987-ல் ‘எச்.எல். 7’ என்னும் முயற்சி தொடங்கியது. நம் மத்திய சர்க்காரும் மின்னணு நோய்க்குறிப்புகளுக்கான விதிகளை 2013-ல் வெளியிட்டு 2016-ல் திருத்தியது. 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின்படி ஒவ்வொருவரும் பதினான்கு இலக்க எண் ஒன்றைப் பெறலாம். எண் கிடைத்தால் மட்டும் போதுமா? படுக்கையோரத்து யந்திரமும் அந்த எண்ணுக்குரியவரை அறிய வேண்டாமா? பொதுப் பணத்தில் மானிட்டர் வாங்குகிறவர்கள் விலையை மட்டும் விசாரியாமல், “இது மற்ற யந்திரங்களோடு பேசுமா?” என்றும் விசாரித்தே ஆகவேண்டும்.

அதுவரையில் மனிதர்தான் யந்திரங்களுக்கு நடுவே பாலம். ஒப்படைக்கும் நர்ஸும் ஏற்றுக்கொள்ளும் நர்ஸும் படுக்கையருகே நின்று, பெயர், எண்கள், கொடுத்த மருந்து, அபாய மணியின் எல்லை ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. நூறு படுக்கைக்கு நாலு பேரை நிறுத்திவிட்டு அந்த ஐந்து நிமிஷத்தை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆட்களையும் போதுமான அளவு நியமிக்க வேண்டும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் எத்தனை கன அடி, கல்லணைக்கு வந்து சேர்ந்தது எத்தனை என்று பத்திரிகையில் தேடிப் பார்ப்பவர்கள் நம் தஞ்சை ஜில்லாக்காரர்கள். வழியில் குறைந்தால் கேள்வி கேட்கவும் அறிந்தவர்கள். நம் வீட்டு மனிதரை ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு மாற்றும்போதும் அதே கேள்வியை மரியாதையாகக் கேட்போம்: “ஆள் வந்து சேர்ந்தார், அவர் கணக்கும் வந்து சேர்ந்ததா?”