தனியாக நடப்பவருக்கு யார் துணை?

கடலூரில் இருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். நடந்து போனால் இரண்டு நாள் ஆகும்.

ஆருத்ரா தரிசனத்துக்கு இப்படி நடந்து போகிறவர்கள் உண்டு. கூட்டமாகப் போனால் கவலை இல்லை. சமைக்க ஆள் இருக்கும். மூட்டையை ஏற்ற வண்டி இருக்கும். தனியாகப் போகிறவருக்கு? வழியில் உள்ள ஊர்தான் வீடு!

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் வழிநெடுக சத்திரம் கட்டினார்கள். இந்தப் பாதையில் புதுச்சத்திரம் என்று ஓர் ஊரே இருக்கிறதே!

இதே மாவட்டத்தில், வடலூரில், 1867-ம் ஆண்டு வள்ளலார் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பசி என்று வந்தால் சோறு!

திருவிழா நாளில் தண்ணீர்ப் பந்தல் போடுவது நல்ல காரியம். ஆனால் அது மட்டும் போதாது. தனி ஆள் எந்த நாளிலும் வருவார். ஆகவே ஊருக்கு ஓர் இடம் வேண்டும். குடிநீர், கழிப்பறை, விளக்கு வேண்டும். ஒரு பெண் தனியாக வந்தாலும் பயம் இல்லாமல் தூங்க வேண்டும்.

"திருடன் வந்து படுத்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாவி ஊராட்சியிடம் இருக்கட்டும். வருகிறவர் பெயரை எழுதிக்கொள்ளட்டும். திருடனுக்குப் பயந்து எல்லோருக்கும் கதவை அடைக்கலாமா?

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். கால் கொப்புளித்து ஒருவர் வாசலில் நின்றால், "யார் நீங்கள்?" என்று பிறகு கேட்கலாம். முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள்!