கேட்டுப் பெறுவதே வியாபாரம்

கடையின் இணையத்தளத்தில் ஏற்கெனவே நுழைந்துள்ள வாடிக்கையாளரிடம் அதே கடையின் கைத்தொலைபேசிச் செயலியும் கடவுச்சொல் கேட்பது பெருந்தொல்லை. நுழைவை நினைவில் வைத்திருக்கும் 'குக்கீ' என்ற சிறு பதிவை உலாவியும் செயலியும் பகிர்ந்துகொண்டால் இத்தொல்லை தீரும்.

2015இல் அப்பிள் நிறுவனம் ஐபோனில் அதற்கு வழி திறந்தது. ஆனால் பயனரை அவர் அறியாமலே பின்தொடரவும் அது இடமளித்தது. 2017இல் அவ்வழி மூடப்பட்டது. இப்போது நுழைவுக்காக மட்டும், பயனரின் சம்மதம் கேட்டே பகிரப்படுகிறது.

இதுவே நியாயம் என்பது என் கருத்து. செயலி செய்விக்கும் நமது வர்த்தகர்கள், கடவுச்சொல்லைச் செயலியே பார்க்கக்கூடிய உள்ஜன்னலைத் தவிர்த்து, உலாவி வழியாகவே நுழைவை அமைக்கச் சொல்லுங்கள். ஒரு கேள்வியை மிச்சம்பிடிக்கப் போய் வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழப்பது நட்ட வியாபாரம்.