எண்ணெல்லாம் அளவா?

பண்டிதமணி கதிரேசச் செட்டியார் எங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். வடமொழி மிருச்சகடிகத்தை 'மண்ணியற் சிறுதேர்' எனத் தமிழாக்கித் தந்தவர். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின் ஆய்வுப்புள்ளி அட்டவணையில் வைத்துப் பார்த்தால், அந்நூலுக்கு 8 புள்ளி. மொழித்துறையினர் ஆய்விதழில் எழுதும் ஒரு கட்டுரைக்கோ 10. பேராசிரியர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க 120 புள்ளி வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

எட்டைப் பதினெட்டாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பதினெட்டும் பிழையே. இவை எவ்வகை எண்கள் என்பதே கேள்வி.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளைப் பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகித அளவை என நான்காக வகுத்தார். புள்ளியியல் வகுப்பில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம் இது. தமிழ் படித்தவர்க்கு அது அந்நியமாகத் தோன்றவேண்டியதில்லை. நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமையின் இருமடங்கு என்று எவரேனும் சொல்வரா? அங்கே எண் வெறும் பெயர். மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை நிரல்படுத்துகிறது. ஆயினும் ஆறறிவுயிர் மூன்றறிவுயிர் இரண்டுக்குச் சமம் என்று உரையாசிரியர் எவரும் கூட்டிப் பார்த்ததில்லை. அது வரிசை மட்டுமே. திருவள்ளுவர் ஆண்டு, பொது ஆண்டோடு 31 கூட்டிப் பெறுவது. தொடக்கப்புள்ளி நாம் வைத்துக்கொண்டது. ஆகவே இரு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட தொலைவு மாறாது, விகிதம் மாறிவிடும். மாத்திரையோ வேறு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண்ணிமையும் கைநொடியும் அலகாக அமைந்ததால் அங்கே 'இருமடங்கு' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. (அலகு இன்னதென்று முதலில் சொல்லிவிட்டு அளக்கத் தொடங்கிய அந்த ஒழுங்கை நம் அட்டவணைக்காரர்களிடம் எதிர்பார்ப்பது பேராசைதான்.)

ஆய்வுப்புள்ளியின் அலகு எது? ஐந்து மொழிபெயர்ப்பு நூல்களும் நான்கு கட்டுரைகளும் ஆளுக்கு 40 எனச் சமமாகின்றன. எதில் சமம்? உழைப்பிலா, புலமையிலா, பயனிலா? நூல், கட்டுரை, மொழிபெயர்ப்பு என்பவை வகைப்பெயர்கள். மிஞ்சிப்போனால் ஒருவகை வரிசை. பெயர்களைக் கூட்டி 120 என்று விடை காண்பது, குறிஞ்சியையும் நெய்தலையும் கூட்டிச் சராசரித் திணை காண்பதற்கு ஒப்பாகும்.

எண் இல்லையேல் சாதியும் சிபாரிசும் புகுந்துவிடும் என்பர் நண்பர்கள். அந்த அச்சம் பொய்யன்று. அவை புகுந்த தேர்வுகளை நாம் அறிவோம். ஆனால் எட்டு என்பதும் ஒருவரது விருப்பமே. யாருடையது என்று தெரியாமல் அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். தேர்வுக்குழுவினர் ஒவ்வொருவரும் நூல்களைப் படித்து விண்ணப்பித்தோரை வரிசைப்படுத்தட்டும். காரணத்தை எழுதிக் கையொப்பமிடட்டும். அவ்வரிசைகளின் இடைநிலையைக் கொண்டு முடிவுசெய்யலாம். வரிசையளவைக்கு இடைநிலை பொருந்தும் என்று புள்ளியியலும் ஒப்புகிறது. படிக்க நேரமில்லை என்போர் அக்குழுவில் அமர ஒப்புக்கொண்டது எதற்காக?